ஒருமுறை செய்து காட்டினால் போதுமா?

இரவு பதினோரு மணிக்கு ஒரு தளத்தில் பேருந்து டிக்கெட் எடுக்கிறீர்கள். மறுநாள் காலையில் அதே தளத்தைத் திறந்தால் அடையாளமே தெரியவில்லை. மேலே இருந்த மெனு இடப்பக்கம் இறங்கியிருக்கிறது. பச்சையாக இருந்த பொத்தான் நீலமாகியிருக்கிறது. புதிதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது. ஆனாலும் டிக்கெட் எடுக்க முடிகிறது, பணம் கட்ட முடிகிறது, ரத்து செய்தால் பணம் திரும்பி வருகிறது.

இடையில் இருந்தது ஒரே ஓர் இரவு. அதற்குள் யார் உட்கார்ந்து இத்தனை பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தது?

மனிதர்கள்தான் என்றால் கணக்கு உதைக்கிறது. நடுத்தரமான ஒரு தளத்தில் சோதிக்க வேண்டிய வழிகள் இருநூறு என்று வைத்துக்கொள்வோம்: உள்ளே நுழைவது, தவறான கடவுச்சொல் கொடுப்பது, இருக்கை தேர்வது, பாதியில் விட்டுப் போவது, ரத்து செய்வது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம் என்றால் 1,000 நிமிடம், அதாவது 17 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி என்று மூன்று உலாவிகளிலும் பார்க்க வேண்டுமென்றால் 50 மணி நேரம். ஒரு சின்னத் திருத்தத்துக்கு ஒருவர் ஒரு வாரத்துக்கு மேல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே இதை இயந்திரம் செய்கிறது. அப்படியானால் அடுத்த கேள்வி: இயந்திரத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நிரல் எழுதத் தெரிந்தவர் ஒவ்வொரு அடியையும் வரிவரியாக எழுதலாம். இன்னொரு வழியும் உண்டு. கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வரும் வழி அது. "நீ ஒருமுறை செய்து காட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன், பிறகு ஆயிரம் முறை நானே செய்கிறேன்" என்று உலாவிக்குள் உட்கார்ந்து நம் கையைக் கவனிக்கும் ஒரு கருவி. அதைப் பதிவுக்கருவி என்று அழைப்போம். அது எதைப் பார்க்கிறது, எதை எழுதுகிறது, எங்கே ஏமாறுகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒரு நூலகம், ஒரு புத்தகம்

ஓர் ஊர் நூலகத்தின் தளத்தைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் பக்கத்தில் ஒரு தேடுபெட்டி, பக்கத்தில் 'தேடு' என்ற பொத்தான். பதிவுக்கருவியை முடுக்கிவிட்டு, பெட்டியில் 'யானை' என்று தட்டி, 'தேடு' என்பதை அழுத்துகிறோம். மூன்று புத்தகங்கள் வருகின்றன. இரண்டாவதாக இருக்கும் 'யானை வழித்தடங்கள்' நமக்கு வேண்டியது. அதன் எதிரே இருக்கும் 'முன்பதிவு செய்' பொத்தானை அழுத்துகிறோம். "உங்கள் முன்பதிவு எண் 52" என்று வருகிறது. பதிவை நிறுத்துகிறோம்.

எல்லாம் சேர்த்து அரை நிமிடம். கருவி எழுதி வைத்திருப்பது நான்கே வரி:

திற: நூலகத் தளம்
நிரப்பு: தேடுபெட்டி, 'யானை'
கிளிக்: 'தேடு' பொத்தான்
கிளிக்: 'முன்பதிவு செய்' பொத்தான்

என்ன செய்வது, எதன் மீது செய்வது, எந்த மதிப்பைக் கொடுப்பது என்ற மூன்றே விவரங்கள்தான் ஒவ்வொரு வரியிலும். இந்தத் துறையில் புகழ்பெற்ற செலினியம் ஐடிஇ என்ற கருவி தன் பதிவை இப்படித்தான் மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையாகக் காட்டும். பார்க்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அரை நிமிடத்தில் உலாவிக்குள் நடந்தது நான்கு செய்திகள் அல்ல, நூற்றுக்கணக்கான செய்திகள். நூற்றுக்கணக்கானவை நான்காகச் சுருங்கியது எப்படி?

கிளிக் போகும் வழி

உலாவி ஒரு பக்கத்தைப் படமாக வைத்துக்கொள்வதில்லை, குடும்ப மரத்தைப் போல வைத்துக்கொள்கிறது. உச்சியில் முழுப் பக்கம், அதன் பிள்ளைகளாகத் தலைப்புப் பகுதியும் நடுப்பகுதியும், நடுப்பகுதியின் பிள்ளையாகப் பட்டியல், பட்டியலின் பிள்ளைகளாக மூன்று வரிகள், ஒவ்வொரு வரியின் பிள்ளையாக ஒரு பொத்தான். இதை ஆவண மரம் என்போம். வேர் மேலே, கிளைகள் கீழே இருக்கும் மரம்.

நாம் எலியை அழுத்தியதும் 'இன்னது நடந்தது' என்று ஒரு செய்தி பிறக்கிறது. இதற்கு நிகழ்வு என்று பெயர். ஒரே ஒரு கிளிக்குக்கு, அழுத்தியது, விட்டது, இரண்டும் சேர்ந்து கிளிக் ஆனது என்று குறைந்தது மூன்று நிகழ்வுகள் தனித்தனியாகப் பிறக்கும். ஒவ்வொன்றும் நேராகப் பொத்தானுக்குப் போய்விடாது. தபால் போல, உச்சியிலிருந்து கிளம்பி, நடுப்பகுதி, பட்டியல், வரி என்று ஒவ்வொரு படியாக இறங்கிப் பொத்தானை அடையும். அங்கிருந்து அதே வழியில் மேலேறித் திரும்பும். இறங்கும் வழி, ஏறும் வழி இரண்டையும் டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வரையறுத்துவிட்டது.

பதிவுக்கருவி உட்காரும் இடம் மரத்தின் உச்சி, அதுவும் இறங்கும் வழியில். காரணம் இருக்கிறது. தளத்தை எழுதியவர் தன் பொத்தானிடம் வந்த செய்தியை "இதற்கு மேல் போகாதே" என்று அங்கேயே நிறுத்திவிட முடியும். ஏறும் வழியில் காத்திருக்கும் கருவிக்கு அந்தச் செய்தி வந்தே சேராது. தலைமைத் தபால் நிலையத்தில் உட்கார்ந்தவர் கண்ணில் படாமல் எந்தக் கடிதமும் தெருவுக்குள் நுழைய முடியாதல்லவா, அதுபோல.

உச்சியில் உட்கார்ந்த பிறகு செய்யும் முக்கியமான வேலை, தள்ளிவிடுவதுதான். அழுத்தியது, விட்டது என்ற செய்திகளைத் தள்ளிவிட்டுக் 'கிளிக்' என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறது. எலி நகர்ந்த செய்திகள் கொத்துக்கொத்தாக வரும். அவற்றையும் பெரும்பாலும் தள்ளிவிடுகிறது. இதில்தான் முதல் ஏமாற்றம். சில தளங்களில் எலியை மேலே கொண்டுபோனாலே மெனு விரியும், கிளிக் வேண்டாம். விரிந்த மெனுவில் ஒன்றைக் கிளிக் செய்ததைக் கருவி எழுதியிருக்கும். விரிய வைத்த நகர்வை எழுதியிருக்காது. மறுமுறை ஓடவிட்டால் விரியாத மெனுவுக்குள் இருக்கும் ஒன்றைத் தேடிக்கொண்டு நிற்கும். அந்த ஒரு வரியை நாம்தான் கையால் சேர்க்க வேண்டும்.

'யானை'க்கு எத்தனை விசை?

தட்டச்சு இன்னும் சுவாரசியமானது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது தனியாகவே தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்99 விசைப்பலகையில் 'யானை' என்று எழுத ய, ஆ, ன, ஐ என்று நான்கு விசைகள். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்பவருக்கு ஆறு விசைகள். கைப்பேசியில் விரலை இழுத்து எழுதுபவருக்கு விசை என்று ஒன்றுமே இல்லை. கைப்பேசி விசைப்பலகைகள் பல நேரம் எந்த விசை அழுத்தப்பட்டது என்றே உலாவிக்குச் சொல்லாது. 'ஏதோ எழுத்துக் கோப்பு நடக்கிறது' என்று பொருள்படும் 229 என்ற பொது எண்ணை மட்டும் கொடுக்கும். மூவரும் முடித்த பிறகு பெட்டியில் இருப்பது மட்டும் ஒன்றே: யானை. கணினியின் கணக்கில் ய, துணைக்கால், ன, ஐகாரக் குறி என்ற நான்கு குறியெண்கள்.

விசைகளை எழுதி வைக்கும் கருவி, ஆங்கில வழியில் தட்டியவரின் ஆறு விசைகளையும் பத்திரமாக எழுதிக்கொள்ளும். சோதனை ஓடும் கணினியிலோ தமிழ் மாற்றி இருக்காது. ஆங்கில எழுத்துகள் ஆறும் அப்படியே பெட்டியில் விழும். நூலகம் "அப்படி ஒரு புத்தகம் இல்லை" என்று சொல்லும். குறை தேடலில் இருப்பதாக நினைத்து ஒருவர் அரை நாளைத் தொலைப்பார்.

நல்ல கருவி அதனால் கை போன வழியை விட்டுவிடுகிறது, கை போய்ச் சேர்ந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. எழுதி முடித்த பிறகு பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, 'நிரப்பு: யானை' என்று ஒரே வரி. தவறாகத் தட்டி அழித்து மீண்டும் தட்டியதெல்லாம் மறைந்துபோகும். ஒரு சின்ன இழப்பு உண்டு. ஒவ்வொரு விசைக்கும் பரிந்துரைகளை மாற்றிக் காட்டும் பெட்டியாக இருந்தால், மொத்தமாக நிரப்பும்போது அந்தப் பரிந்துரைகள் வராமலே போகலாம். அதைச் சோதிக்க விரும்பினால் எழுத்தெழுத்தாகத் தட்டச் சொல்லும் தனிக்கட்டளை உண்டு. மற்ற எல்லா இடத்திலும் முடிவைப் பதிவதே சரி.

மஞ்சள் வீடு, மூன்றாவது வீடு, போஸ்ட்மாஸ்டர் வீடு

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம். நான்காவது வரியில் 'முன்பதிவு செய்' பொத்தான் என்று எழுதினோம். பக்கத்தில் அப்படி மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. எந்தப் பொத்தான்?

ஊருக்குப் புதிதாக வருகிறவருக்கு வீட்டு வழி சொல்வதை நினைத்துப் பாருங்கள். "தெருவுக்குள் நுழைந்ததும் மூன்றாவது வீடு" என்று சொல்லலாம். நடுவில் ஒருவர் காலி மனையில் வீடு கட்டினால் வழி தப்பும். "மஞ்சள் பெயிண்ட் அடித்த வீடு" என்று சொல்லலாம். பொங்கலுக்கு வெள்ளையடித்தால் போச்சு. "போஸ்ட்மாஸ்டர் வீடு எது என்று கேளுங்கள்" என்றால், வீடு நிறம் மாறினாலும், பக்கத்தில் புதுவீடு வந்தாலும், தெருவில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

பதிவுக்கருவிக்கும் இதே மூன்று வழிகள். கிளிக் நடந்த பொத்தானை மறுபடி கண்டுபிடிக்க அது எழுதி வைக்கும் வழியை அடையாளக் குறிப்பு என்போம்.

ஆவண மரத்தில் அதன் இடத்தைக் கொண்டு எழுதலாம்: உச்சியிலிருந்து இரண்டாவது பெட்டி, அதற்குள் முதல் பட்டியல், அதில் இரண்டாவது வரி, அதிலுள்ள பொத்தான். இதற்கென்றே எக்ஸ்பாத் என்ற குறிமொழி 1999இல் தரமாக்கப்பட்டது. எந்தப் பொருளுக்கும் இப்படி ஒரு முகவரி கொடுத்துவிட முடியும், அதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் நூலகம் 'யானை' பற்றிப் புதிதாக ஒரு புத்தகம் வாங்கி அது பட்டியலின் தலையில் வந்து நின்றால், இரண்டாவது வரியில் இருப்பது வேறு புத்தகம். சோதனை தடுமாறாது, தவறான புத்தகத்தை நிதானமாக முன்பதிவு செய்துவிட்டு வெற்றி என்று சொல்லும். தோற்கும் சோதனையைவிட இது மோசம்.

தோற்றத்துக்காக வைத்த பெயரைக் கொண்டும் எழுதலாம்: 'பச்சைப் பொத்தான்' என்ற வகையைச் சேர்ந்தது. இது மஞ்சள் வீடு. ஐடி எனப்படும் தனி அடையாள எண்ணைக் கொண்டு எழுதலாம் என்று பலர் சொல்வார்கள். பொருளுக்கு ஒருவர் யோசித்து வைத்த ஐடியாக இருந்தால் அது நல்ல வழிதான். ஆனால் இன்று பல தளங்களில் இந்த எண்ணை மென்பொருளே போடுகிறது, ஒவ்வொரு முறை பக்கம் உருவாகும்போதும் வேறு எண். ரேஷன் கடையில் நேற்று வாங்கிய டோக்கனை இன்று நீட்டினால் என்ன ஆகும்?

மிச்சமிருப்பது போஸ்ட்மாஸ்டர் வழி. அது என்ன, அதன் பெயர் என்ன என்ற இரண்டை மட்டும் கேட்பது. நம் எடுத்துக்காட்டில் குறிப்பு இப்படி ஆகும்: 'யானை வழித்தடங்கள்' என்ற பெயர் இருக்கும் வரியில், 'முன்பதிவு செய்' என்ற பெயருள்ள பொத்தான். நிறம் மாறட்டும், வரி இடம் மாறட்டும், மெனு எங்கே வேண்டுமானாலும் போகட்டும், இந்தக் குறிப்பு பிழைத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட பிளேரைட் என்ற கருவியின் பதிவுப் பகுதி இந்த வழியைத்தான் முன்னால் வைக்கிறது.

பொத்தானின் பெயரே 'புத்தகத்தை ஒதுக்கு' என்று மாறிவிட்டால்? சோதனை தோற்கும். தோற்க வேண்டும் என்பதே என் கருத்து. வாசகர் கண்ணுக்கும் அந்த மாற்றம் தெரிகிறது. தெரிந்தேதான் மாற்றினார்களா என்று ஒருவர் பார்ப்பது நல்லது. அதை விரும்பாதவர்கள், சோதனைக்கென்றே பொத்தானில் ஒரு தனிப்பெயரை எழுதி வைப்பார்கள், கதவில் எண் தகடு அடிப்பதைப் போல. வாசகருக்கு அது தெரியாது, கருவிக்கு மட்டும் தெரியும். பெயர் அடிக்கடி மாறும் தளங்களில், பல மொழிகளில் இயங்கும் தளங்களில் அது பயன்படும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'என்ன, அதன் பெயர் என்ன' என்ற இந்தக் கேள்வி பதிவுக்கருவிக்காகப் பிறந்ததல்ல. பார்வையற்ற ஒருவரின் கணினியில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் இருக்கும். அவர் பொத்தானுக்கு வரும்போது அது "முன்பதிவு செய், பொத்தான்" என்று படித்துச் சொல்லும். அந்த இரண்டு விவரங்களையும் உலாவி அவருக்காகவே கணக்கிட்டு வைக்கிறது. அதற்கான விதிகளின் ஒரு பகுதியை டபிள்யூ3சி 2014இல் தரமாக வெளியிட்டது. பதிவுக்கருவி அதே விவரங்களைத்தான் எடுத்துக்கொள்கிறது.

தளத்தை எழுதியவர் பொத்தானில் எழுத்து வைக்காமல் ஒரு சின்னப் படத்தை மட்டும் வைத்துப் பெயர் கொடுக்க மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கருவி பெயரைத் தேடும், கிடைக்காது, 'இரண்டாவது பெட்டி, முதல் பட்டியல்' என்று பழைய வழிக்கே போய்விடும். அதே பொத்தானில் வந்து நிற்கும் பார்வையற்றவர் காதில் "பொத்தான்" என்று மட்டும் விழும். எதற்கான பொத்தான் என்று தெரியாது. உங்கள் பதிவில் இப்படி நீளமான இட முகவரி ஒன்றைக் கண்டால், அந்தப் பொத்தானின் முன்னால் ஒரு மனிதர் தவித்து நின்றிருக்கக்கூடும். சோதனையைத் திருத்துவதற்கு முன் தளத்தைத் திருத்துங்கள்.

சிகாகோவில் ஒரு செலவுக் கணக்கு

செலினியம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், ஊழியர்கள் தங்கள் நேரத்தையும் செலவையும் பதியும் உள்தளம் ஒன்றைச் சோதிக்க வேண்டியிருந்தது. ஒரே வேலையைக் கையால் திரும்பத் திரும்பச் செய்ய மனமில்லாமல், பக்கத்துக்குள்ளேயே ஓடி, பொத்தான்களை அழுத்தும் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதினார். அப்போது சந்தையில் பெரிய பெயர் மெர்க்குரி என்ற நிறுவனத்தின் விலையுயர்ந்த சோதனைக் கருவிகள். மெர்க்குரி என்றால் பாதரசம். பாதரச நச்சுக்குச் செலினியம் மாற்று என்று ஹக்கின்ஸ் ஒரு மின்னஞ்சலில் வேடிக்கையாக எழுதினார். அந்தப் பெயரே நிலைத்தது.

பக்கத்துக்குள் ஓடும் நிரலுக்கு ஒரு சுவர் உண்டு. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் பக்கத்தைத் தொடக் கூடாது என்பது உலாவிகளின் அடிப்படைப் பாதுகாப்பு விதி. இல்லையென்றால் ஏதோ ஒரு தளம் பக்கத்துத் தாவலில் திறந்திருக்கும் உங்கள் வங்கிக் கணக்கில் பொத்தானை அழுத்திவிடும். அந்தச் சுவரே சோதனைக்கும் தடையாக நின்றது. ஜப்பானைச் சேர்ந்த ஷின்யா கசதானி இதற்கு ஃபயர்பாக்ஸ் நீட்சியாக ஒரு பதிவுக்கருவியைச் செய்து, 2006இல் செலினியம் திட்டத்துக்குக் கொடுத்தார். நீட்சிக்கு உலாவி கூடுதல் அதிகாரம் தருவதால் சுவர் அதைத் தடுக்கவில்லை. செலினியம் ஐடிஇ பிறந்தது இப்படித்தான். நிரல் எழுதத் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சோதனைத் துறைக்குள் நுழைந்த வாசல் அது.

2017 ஆகஸ்டில் ஃபயர்பாக்ஸின் 55ஆம் பதிப்பு வந்தபோது பழைய முறையில் எழுதப்பட்ட அந்த நீட்சி இயங்காமல் நின்றுபோனது. புதிதாக எழுதிய பிறகே மீண்டும் வந்தது. இதற்கிடையில் சைமன் ஸ்டீவர்ட் என்பவர், பக்கத்துக்குள் இல்லாமல் வெளியிலிருந்தே உலாவியை ஓட்டும் வெப்டிரைவர் என்ற முறையை உருவாக்கியிருந்தார். 2018இல் அது டபிள்யூ3சி தரமானது. இன்று உலாவிகளைச் செய்பவர்களே அந்த ஓட்டுநர் இருக்கையைச் சேர்த்துத் தருகிறார்கள்.

ரசம் எப்போது இறக்குவது?

பதிவை மறுபடி ஓடவிடுவோம். கருவி 'யானை' என்று நிரப்புகிறது, 'தேடு' என்பதை அழுத்துகிறது, அடுத்த கணமே 'முன்பதிவு செய்' பொத்தானைத் தேடுகிறது. பொத்தான் இல்லை. சோதனை தோல்வி.

நாம் பதியும்போது தேடல் முடிவு வர ஒரு நொடி ஆனது. நாம் காத்திருந்தோம், காத்திருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். கை சும்மா இருந்ததைக் கருவி எழுதவில்லை.

அம்மா ரசம் வைப்பதைப் பார்த்து எழுதுகிறவர் "அடுப்பில் வைத்து ஆறு நிமிடத்தில் இறக்கவும்" என்று எழுதலாம். அம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நுரை கட்டி வருகிறதா என்று பார்த்தார். இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு வேறு வீட்டில், வேறு அடுப்பில் செய்தால் ஒருநாள் பச்சையாக இருக்கும், ஒருநாள் கொதித்துக் கெட்டுப்போகும்.

சோதனை எழுதுகிறவர்கள் முதலில் போடும் வைத்தியமும் ஆறு நிமிடக் கணக்குத்தான்: ஒவ்வொரு அடிக்கும் நடுவில் '3 நொடி காத்திரு'. 200 சோதனைகள், ஒவ்வொன்றிலும் 10 காத்திருப்பு என்றால் 6,000 நொடி, அதாவது 100 நிமிடம் வெறும் காத்திருப்பு. அத்தனை காத்தும், இணையம் மந்தமான நாளில் நான்காவது நொடியில் முடிவு வந்தால் சோதனை தோற்கும்.

இன்றைய கருவிகள் நுரையைப் பார்க்கின்றன. பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறதா, நகராமல் நிற்கிறதா, அழுத்தக்கூடிய நிலையில் இருக்கிறதா, வேறு ஏதாவது அதன் மேல் வந்து மறைக்கிறதா என்று பிளேரைட் ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் திரும்பத் திரும்பச் சோதிக்கும். எல்லாம் சரியான மறுகணமே அழுத்தும். ஒரு வரம்புக்குள் சரியாகவில்லை என்றால்தான் தோல்வி.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. தளத்தில் குறை இல்லாமலே ஒருநாள் வென்று ஒருநாள் தோற்கும் சோதனைக்குத் தள்ளாடும் சோதனை என்று பெயர் வைக்கலாம். நூறு சோதனைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நூற்றில் ஒருமுறைதான் வீணாகத் தோற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குறைதானே என்று தோன்றும். ஆனால் நூறும் சேர்ந்து ஓடும்போது ஏறக்குறைய மூன்று நாளில் இரண்டு நாள் ஏதாவது ஒன்று பொய்யாகச் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். கூகுள் நிறுவனம் 2016இல் தன் சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு ஓரளவாவது இந்தத் தள்ளாட்டம் இருப்பதாகச் சொன்னது. அவ்வளவு வசதியுள்ள இடத்திலேயே இந்த நிலை. பொய்ச் சிவப்பு பழகிவிட்டால், மெய்யான சிவப்பு வரும் நாளிலும் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள்

காத்திருப்பைச் சரிசெய்து, பதியும்போது செய்த முன்பதிவை ரத்து செய்துவிட்டு ஓடவிட்டோம். வென்றது. மறுநாள் அதே சோதனை, அதே தளம், தோல்வி. 'முன்பதிவு செய்' பொத்தான் இருந்த இடத்தில் ஒரு செய்தி: "இந்தப் புத்தகத்தை ஏற்கெனவே முன்பதிவு செய்துள்ளீர்கள்."

தளம் சரியாகவே நடந்துகொண்டிருக்கிறது. மாறியது உலகம், அதையும் மாற்றியது நேற்றைய சோதனையேதான். பேருந்து டிக்கெட்டைப் பதிந்தவர்களுக்கு இது வேறு விதமாக வரும். பதிவில் 14ஆம் தேதி என்று எழுதியிருக்கும், 15ஆம் தேதி காலையில் அந்தத் தேதியே தேர்வு செய்ய முடியாமல் மங்கியிருக்கும். ஆகவே ஒவ்வொரு சோதனையும் தொடங்கும் முன் அதற்கென்று ஒரு புது உறுப்பினர், மூன்று புத்தகங்கள் கொண்ட ஒரு புதுப் பட்டியல் என்று மேடையைக் கழுவிக் கோலம் போட்டுத் தர வேண்டும். தேதியை '14' என்று வைக்காமல் 'நாளை' என்று எழுத வேண்டும். எந்தப் பதிவும் இதைத் தானாகச் செய்யாது.

பச்சை விளக்கு எதைச் சொல்கிறது?

எல்லாம் சரியாகி, சோதனை தினமும் பச்சை விளக்கு காட்டுகிறது. நம் நான்கு வரிகளை மறுபடி படித்துப் பாருங்கள். கடைசி வரி 'கிளிக்'. கிளிக் நடந்ததா? நடந்தது. பச்சை.

கிளிக் செய்த பிறகு "மன்னிக்கவும், பிழை நேர்ந்தது" என்று திரை சொன்னாலும் பச்சைதான். முன்பதிவு எண் வந்ததா என்று கருவி பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை. நாம் பதியும்போது "எண் 52" என்பதைக் கண்ணால் பார்த்துத் தலையசைத்தோம். அந்தத் தலையசைப்பு எந்த நிகழ்வாகவும் பிறக்கவில்லை, எந்த மரத்திலும் இறங்கவில்லை. பதிவில் அது இல்லவே இல்லை.

அந்தத் தலையசைப்பை எழுத்தில் சேர்ப்பதற்குச் சரிபார்ப்பு வரி என்று பெயரிடுவோம். நம் சோதனைக்கு ஐந்தாவது வரி வேண்டும்: 'உங்கள் முன்பதிவு எண்' என்ற சொற்கள் திரையில் தெரிய வேண்டும். 52 என்ற எண்ணைச் சேர்க்கக் கூடாது, நாளை அது 53. ஆறாவதாக இன்னொன்றையும் நான் சேர்ப்பேன்: அந்தப் புத்தகத்துக்கு மூன்று பிரதிகள் இருந்தன என்றால், இருப்பு இரண்டாகக் குறைந்திருக்க வேண்டும். எண்ணைக் காட்டிவிட்டு உள்ளே எதையும் பதியாமல் விடும் தளங்களும் உண்டு.

எது மாறலாம், எது மாறக் கூடாது என்று பிரிப்பதுதான் சோதனை எழுதுபவரின் உண்மையான வேலை. அதைப் பதிவுக்கருவியிடம் விட்டால் ஆபத்து இன்னும் ஆழமாகப் போகும். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு ஒரு ரூபாய், பத்து நாள் தாமதம், தளம் தவறுதலாக 11 ரூபாய் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் இருப்பதை அப்படியே சரிபார்ப்பு வரியாக எடுத்துக்கொள்ளச் சொன்னால், கருவி '11 ரூபாய் தெரிய வேண்டும்' என்று எழுதும். அன்றிலிருந்து தவறு பாதுகாக்கப்படும். பிறகு ஒருவர் கணக்கைச் சரிசெய்து 10 ரூபாய் ஆக்கினால் அன்றுதான் சிவப்பு விளக்கு எரியும். பத்து நாளுக்குப் பத்து ரூபாய் என்பதைத் திரையைப் பார்க்காமல், நூலக விதியைப் பார்த்து ஒரு மனிதர் எழுதியிருக்க வேண்டும்.

இதனால் பதிவே வேண்டாம் என்று சொல்லும் அனுபவசாலிகள் பலர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அரை நிமிடத்தில் நான்கு வரியை எழுதித் தரும் கருவியை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அது முதல் வரைவு. நூலகத்தில் வேலை செய்கிறவர், அதாவது விதி தெரிந்தவர், பக்கத்தில் உட்கார்ந்து ஐந்தாவது வரியையும் ஆறாவது வரியையும் சொல்லும்போதுதான் அது சோதனையாகிறது. நிரல் தெரியாத அவரையும் அந்த மேசைக்கு அழைத்து வந்ததே இந்தக் கருவிகள் செய்த பெரிய நன்மை.

நீங்களே செய்து பார்க்க

இதற்குக் காசோ சிறப்பு மென்பொருளோ வேண்டாம். 2022இலிருந்து குரோம் உலாவியிலேயே ஒரு பதிவுக்கருவி இருக்கிறது. கணினியில் குரோமைத் திறந்து, மெனுவில் கூடுதல் கருவிகள், அதில் உருவாக்குநர் கருவிகள் என்று போங்கள். அங்கே மீண்டும் ஒரு மூன்றுபுள்ளி மெனுவில், கூடுதல் கருவிகளுக்குள் ரெக்கார்டர் என்று இருக்கும். ஏதாவது ஒரு தளத்தில் ஒரு சொல்லைத் தேடுவதைப் பதிந்து பாருங்கள். ஒவ்வொரு அடியையும் விரித்தால், அதே பொருளுக்குப் பல அடையாளக் குறிப்புகளை அடுக்கி வைத்திருக்கும்: பெயர் ஒன்று, தோற்றவகை ஒன்று, மரத்தில் இடம் ஒன்று. போஸ்ட்மாஸ்டர் வீடு எது, மஞ்சள் வீடு எது என்று உங்களுக்கே இப்போது பிரித்துப் பார்க்க முடியும். மறுபடி ஓடவிடுங்கள், நாளையும் ஒருமுறை ஓடவிடுங்கள், பிறகு சரிபார்ப்பு வரி ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

கடவுச்சொல் கேட்கும் பக்கத்துக்கு மட்டும் பதிவை ஓடவிட்டுக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் தட்டிய கடவுச்சொல், மறைக்கப்படாத எழுத்தில் பதிவுக்குள் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பதிவை யாருக்கு அனுப்பினாலும் அதுவும் கூடவே போகும்.